கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?

மயக்க மருந்து கொடுப்பவளின் வேலை ஊசியில் தொடங்குவதில்லை. ஒரு கேள்வியில் தொடங்குகிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் இருபது வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" பிரசவ வலியோடு தள்ளுவண்டியில் கிடக்கும் பெண் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மாமியார் பதில் சொல்லிவிடுவார்: "ஒண்ணுமே சாப்பிடலீங்க டாக்டரம்மா. காலைல குடிச்ச காப்பிதான்." மாமியாரை ஏதாவது சீட்டு கொடுத்து மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, குனிந்து, மறுபடி கேட்பேன். "பத்து மணிக்கு ரெண்டு இட்லி தின்னேனுங்க. அத்தைக்குத் தெரியாது."

அந்த இரண்டு இட்லி ஓர் உயிரை எடுக்கும். நிறைமாதக் கருப்பை இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுகிறது. கர்ப்பகாலச் சுரப்புகள் உணவுக்குழாயின் அடிவாயைத் தளர்த்திவிடுகின்றன. வலி எடுத்தபிறகு செரிமானம் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. இந்த நிலையில் நினைவு தப்பினால் இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு ஏறி, அங்கிருந்து நுரையீரலுக்குள் இறங்கும். உணவுத் துண்டு மூச்சை அடைக்கும். அமிலம் நுரையீரலை அரிக்கும். ஆகவே அவசரமாக முழு மயக்கம் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு ஒரு தனி முறை இருக்கிறது. எங்கள் தியேட்டர்களில் அதை 'ராப்பிட் சீக்வன்ஸ்' என்போம்.

மூன்று நிமிடம் முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்சிஜன். பிறகு பென்டோதால், அதன் வாலைப் பிடித்தாற்போல் ஸ்கோலின். நினைவு போகும்போதே உதவிக்கு நிற்கும் செவிலியர் குரல்வளைக்குக் கீழுள்ள வளையக் குருத்தெலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பின்னாலிருக்கும் உணவுக்குழாயை மூடுகிறார். வழக்கமான மயக்கத்தில் இந்த இடத்தில் பையை அழுத்திக் காற்றுக் கொடுப்போம். இதில் கூடாது, காற்று வயிற்றுக்குள் போய் உள்ளதை மேலே தள்ளும். ஸ்கோலின் போனதும் உடல் முழுக்க ஒரு சிறு துடிப்பு ஓடும், பிறகு எல்லாத் தசையும் அடங்கும். நாற்பத்தைந்து நொடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்குள் மூச்சுக்குழாயில் குழாயை இறக்கி அதன் பலூனை ஊதிவிட வேண்டும். அதுவரை அவள் மூச்சு அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

இந்த முறையின் வரலாற்றை மருத்துவப் புத்தகங்கள் கண்டுபிடித்த ஆண்களின் பட்டியலாக எழுதுகின்றன. யார் செத்ததால் கண்டுபிடித்தார்கள் என்று அதைத் திருப்பிப் படித்தால் பெண்களாகவே வருகிறார்கள்.

முதலில் வருபவள் ஹன்னா கிரீனர், வயது 15. இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் பக்கத்து ஊர். கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக 1848 ஜனவரி 28 அன்று அவளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். ஓரிரு நிமிடத்தில் முகம் வெளுத்தது. தெளிய வைக்க வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றினார்கள். இறந்துபோனாள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்மைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மருந்து அவளைக் கொல்லவில்லை, நினைவற்றவள் வாயில் ஊற்றிய திரவம்தான் மூச்சை அடைத்தது என்று அவர் வாதாடினார். மருந்துதான் இதயத்தை நிறுத்தியது என்றார்கள் மற்றவர்கள். வழக்கு இன்றுவரை முடியவில்லை. ஆனால் நினைவில்லாதவளின் தொண்டை காவலில்லாத வாசல் என்பது அந்தச் சண்டையில்தான் முதன்முதலாகப் பேசப்பட்டது.

குளோரோஃபார்ம் சண்டை நம் பக்கமும் வந்தது. 1888-89இல் ஐதராபாத்தில் நிஜாமின் செலவில் இரண்டு ஆணையங்கள் விலங்குகளைக் கொண்டு சோதனை நடத்தின. அந்த மருத்துவப் பள்ளியில் படித்துத் தேறிய ரூபா பாய் ஃபர்தூன்ஜி, மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட உலகின் முதல் பெண் மருத்துவர் என்று இன்று அறியப்படுகிறார். எனக்கு இந்தப் பெயர் படித்து முடித்து வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

திருப்புமுனை 1946. நியூயார்க் லையிங்-இன் மருத்துவமனையின் கர்டிஸ் மெண்டல்சன், 1932 முதல் 1945 வரை அங்கு நடந்த 44,016 கர்ப்பங்களின் பதிவேடுகளைப் புரட்டினார். 66 பெண்களுக்கு மயக்கத்தின்போது இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இரண்டு பேர் உணவுத் துண்டு அடைத்தே இறந்திருந்தார்கள். முயல்களின் நுரையீரலில் அமிலத்தை விட்டுப் பார்த்து, அரிப்பது அமிலம்தான் என்று காட்டினார். அவர் சொன்ன தீர்வுகள் பல: பிரசவத்தின்போது வாய்வழி உணவை நிறுத்துங்கள், முடிந்தவரை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யுங்கள், உள்ளே பார்க்கக்கூடிய கண்ணாடி போன்ற முகமூடி வையுங்கள், சாய்க்கக்கூடிய மேசையும் உறிஞ்சு கருவியும் வாங்குங்கள், தெரிந்தவரை வைத்து மயக்கம் கொடுங்கள். இவற்றில் உலகத்தின் எல்லாப் பிரசவ வார்டுகளுக்கும் உடனே போய்ச் சேர்ந்தது முதலாவது மட்டும். காரணத்தை நான் என் கணக்கில் சொல்கிறேன்: மற்றதெல்லாம் மருத்துவமனைக்குச் செலவு, பட்டினி அவளுக்குச் செலவு. அரை நூற்றாண்டுக்கு மேல் கோடிக்கணக்கான பெண்கள் பன்னிரண்டு மணி நேரம், பதினெட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு முக்கியிருக்கிறார்கள். 2010இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, சிக்கல் குறைவான பிரசவத்தில் இப்படிப் பட்டினி போடச் சான்றில்லை என்றது. எங்கள் வார்டுச் சுவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. இட்லியை ஒளித்துத் தின்ன வைத்ததே அந்தச் சுவர்தான். ஒளிக்காமல் தின்றிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள், எனக்கும் வேலை சுலபம்.

பிறகு வந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1961இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பிரையன் செல்லிக், லான்செட்டில், குரல்வளை வளையத்தை அழுத்தும் முறையை 26 நோயாளிகளிடம் செய்து பார்த்ததை எழுதினார். 1970இல் பிட்ஸ்பர்க்கின் ஸ்டெப்டும் சாஃபரும் எல்லாப் படிகளையும் ஒரே வரிசையாகக் கோத்தார்கள். செல்லிக்கின் அழுத்தம் உண்மையிலேயே உதவுகிறதா என்று 2019இல் பிரான்சில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. நான் இன்னும் அழுத்தச் சொல்கிறேன், பழக்கம். அழுத்தும் விரல் எப்போதும் ஒரு செவிலியருடையது. மயக்கக் குறிப்பில் என் பெயர் இருக்கும், அறுவை செய்தவர் பெயர் இருக்கும். அந்த விரலுக்கு உரியவர் பெயர் இருக்காது.

இந்த வரிசையின் உயிர் ஸ்கோலினில் இருக்கிறது. 1951இல் ஐரோப்பாவில் மனிதர்களுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு நிமிடத்துக்குள் தசைகளை அடக்கும், ஐந்து பத்து நிமிடத்தில் தானே விலகிவிடும். குழாய் இறங்காமல் போனாலும் சீக்கிரம் அவளே மூச்சு விட்டுவிடுவாள் என்ற நம்பிக்கைதான் அதன் விலை. விலகுவதற்குக் காரணம் ரத்தத்தில் உள்ள பியூட்டைரில்கோலின் எஸ்டெரேஸ் என்ற நொதி. அது ஸ்கோலினை வெட்டிப் போடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இந்த நொதி கொஞ்சம் குறைவாக இருக்கும், பொதுவாகப் பாதகமில்லை. ஆனால் மருந்து வந்த ஓரிரு வருடங்களிலேயே, சிலர் மணிக்கணக்காக மூச்சு விடாமல் கிடந்த செய்திகள் வரத் தொடங்கின. டொராண்டோவின் வெர்னர் கலோ 1957இல், இது பரம்பரையாக வரும் நொதிக் கோளாறு என்று சோதனைக்குழாயில் காட்டினார். ஐரோப்பியர்களில் நொதியே வேலை செய்யாதவர் லட்சத்தில் ஒருவர். லட்சத்தில் ஒருவர் என்று படித்ததை நாம் மறந்துவிடுவோம். நானும் மறந்திருந்தேன்.

பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு சிறிய மருத்துவமனை. நான் படிப்பு முடித்து வந்த புதிது. நள்ளிரவு தாண்டி ஒரு பெண், இரண்டாவது பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. இன்று பெரும்பாலான சிசேரியன்களுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைக்கிறோம். இவ்வளவு ரத்தம் போகும்போது அது ஆகாது. ராப்பிட் சீக்வன்ஸ்தான். குழாய் முதல் முயற்சியிலேயே இறங்கியது. குழந்தை அழுதது. "வயிறு நல்லா தளர்வா இருக்கு" என்று அறுவை செய்தவர் மெச்சினார். ஸ்கோலின் விலகியபின் கொடுக்க வேண்டிய அடுத்த தசைத் தளர்வு மருந்துக்குத் தேவையே வரவில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாற்பது நிமிடத்தில் தையல் முடிந்தது. வாயுவை நிறுத்தினேன். மூச்சு வரவில்லை. காத்திருந்தேன். நாடி 130க்கு ஏறியது, ரத்த அழுத்தமும் ஏறியது. மூச்சு வரவில்லை. ரத்தப்போக்கு, வலி என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். தலைமாட்டில் நின்ற ஆயாம்மாதான் சொன்னார்: "அம்மா, கண்ணுல தண்ணி வருது பாருங்க." இரண்டு கண்ணோரத்திலிருந்தும் காதை நோக்கி நீர் இறங்கியிருந்தது. அவள் மயக்கத்தில் இல்லை. விரலை, இமையை, நாக்கை அசைக்க முடியாதவளாக விழித்துக்கொண்டு கிடந்தாள்.

உடனே தூக்க மருந்தும் வலி மருந்தும் கொடுத்தேன். அங்கே வென்டிலேட்டர் கிடையாது. விடியும் வரை நானும் ஆயாம்மாவும் மாற்றி மாற்றிப் பையை அழுத்தினோம். ஐந்து மணி நேரம் கழித்து முதல் விக்கல் போல ஒரு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் அவள் பேசினாள். "பாப்பா அழுதது கேட்டுதுங்க. 'மறுபடியும் பொண்ணா'ன்னு யாரோ சொன்னாங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சேன்." சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. நானாகக்கூட இருக்கலாம். குழந்தைக்கு மருந்து போய்ச் சேரக் கூடாதென்று சிசேரியனின் முதல் நிமிடங்களில் மயக்கத்தை மேலோட்டமாக வைப்பது வழக்கம், அந்த நேரத்தில் தியேட்டரில் எல்லோரும் பேசுவோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு, மயக்கத்தில் விழித்துக்கொண்டதாகச் சொல்பவர்கள் பொதுவாக 19,000இல் ஒருவர் என்றும் முழு மயக்க சிசேரியனில் 670இல் ஒருவர் என்றும் கண்டது. படித்தபோது ஆயாம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அவள் ஆரிய வைசியப் பெண். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். சேலம் கடைவீதிகளுக்குப் பழக்கமான குடும்பங்கள். மாமியார் அவளுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேட்டேன். வழக்கமாக மாமியார்களுக்கு மருமகள் வீட்டு நோய்கள் தெரியாது. இவருக்குத் தெரிந்திருந்தது. "எங்க அண்ணனுக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணப்ப ராத்திரி முழுக்க எந்திரிக்கவே இல்லைங்க." அண்ணன் என்றால் இவளுடைய அப்பா. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

ரத்தப் பரிசோதனையில் நொதி இல்லை. தங்கைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, குறைந்தது நான்கில் ஒன்று, அழைத்து வாருங்கள் என்றேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதீங்க டாக்டரம்மா. சின்னவளுக்கு வரன் பாத்துட்டிருக்கோம்."

2006இல் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழுவினர், நெப்ராஸ்காவின் ஒக்ஸானா லாக்ரிட்ஜ் உள்ளிட்டோருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோவைப் பகுதி வைசியர்களில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒருவருக்கு இந்த நொதி வேலை செய்வதில்லை. காரணம் மரபணுவில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாற்றம், 307ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின். அடுத்த வருடம் வந்த அறிக்கை, அந்த நொதி இல்லாதவர்கள் மற்றபடி நலமாகவே வாழ்கிறார்கள் என்றது. இது நோயே அல்ல. ஸ்கோலின் என்ற ஒன்று மேசைக்கு வரும்வரை அந்த உடம்பில் குறையே இல்லை.

2009இல் ஐதராபாத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும் இந்தியச் சாதிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது வைசியர்கள் முக்கிய உதாரணமானார்கள். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வருடங்களுக்கு முன் ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள், அன்றிலிருந்து வெளியே பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் இருந்தவர்கள் என்றது ஆய்வு. இதில் ஒரு தவறான பாடத்தை என் சக மருத்துவர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "மாமன் மகளைக் கட்டாதீங்க" என்று அறிவுரை சொல்கிறார்கள். வைசியர்களிடம் மேனரிகம் என்ற மாமன் மகள் உரிமை கடுமையாக இருந்ததை 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளே எழுதியிருக்கின்றன. ஆனால் விஷயம் மாமன் மகள் மட்டுமல்ல. ஓசூரிலிருந்து முன்பின் தெரியாத வைசியப் பையனைப் பார்த்துக் கட்டினாலும் அவனும் அதே எழுத்து மாற்றத்தைச் சுமந்து வரக்கூடும். நெருங்கிய சொந்தத்தைத் தவிர்த்தால் ஓரளவுதான் குறையும். வேலி சாதியின் விளிம்பில் இருக்கிறது.

அந்த வேலியை எதைக்கொண்டு கட்டினார்கள் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். அகமணமே சாதி. அதைக் காப்பாற்ற, ஒரு கூட்டத்தில் உபரியாகும் பெண்ணையும் உபரியாகும் ஆணையும் என்ன செய்வது என்ற கணக்குத்தான் உடன்கட்டையும் விதவைக் கோலமும் சிறுமி மணமும். மரபணு ஆய்வாளர்கள் 'அகமணம்' என்று ஒரு சொல்லில் கடந்துபோவது, தலைமுறை தலைமுறையாகப் பெண்களைக் கண்காணித்த வேலை. வைசியர்களின் குலதெய்வக் கதையில் வாசவி என்ற பெண் தன்னைக் கேட்ட அரசனுக்கு மாட்டேன் என்கிறாள், பெனுகொண்டாவில் 102 கோத்திரத்தாரோடு தீயில் இறங்குகிறாள், கன்னிகா பரமேஸ்வரி ஆகிறாள். எனக்கு அந்த 'மாட்டேன்' பிடிக்கும். அது பின்னால் வந்த பெண்களுக்கு 'கூடாது' என்றாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

இதை ஒரு சாதியின் கதையாகப் படிக்க வேண்டாம். அந்தச் சமூகத்தின் நொதியை யாரோ அளந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மற்ற சாதிகளின் ரத்தத்தில் என்னென்ன தேங்கியிருக்கிறதோ. வேலியைக் காக்க இந்தச் சமவெளி எதுவரை போகும் என்பதையும் பார்த்தோம். 2015இல் திருச்செங்கோட்டு மலைக் கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர்ப் பொறியாளர் கோகுல்ராஜ், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டவர்கள் குறைவு.

ஆக, நான் சாதி கேட்கிறேனா? 2006க்குப் பிறகு கேட்கத் தொடங்கினேன். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதே என்று 1929இல் செங்கற்பட்டு மாநாடு சொன்ன நாடு இது. திராவிடர் கழகம் பெயர் பெற்றதே 1944இல் இதே சேலத்தில். அந்த ஊரில் நின்று, வலியில் துடிக்கும் பெண்ணிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டேன். பட்டியல் சாதிப் பெண் ஒருத்தி அந்தக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு எதற்காக அந்தக் கேள்வி அவளிடம் அதுவரை கேட்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றோடு விட்டேன். இப்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி: "உங்க வீட்டுல, பொறந்த வீட்டுல, யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு முழிக்க லேட்டாச்சா?" நேரம் பிடிக்கும் கேள்வி. சாதி கேட்டால் ஒரு நொடியில் முடியும். சீட்டின் மூலையில் பென்சிலால் சாதிக் குறிப்பு எழுதும் வழக்கத்தைச் சக மருத்துவர்கள் விடவில்லை, அவர்களை நான் முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஸ்கோலினுக்கு மாற்று உண்டு. ரோக்குரோனியத்தைக் கூடுதல் அளவில் கொடுத்தால் அதே வேகத்தில் வேலை செய்யும். அதை உடனே முறிக்கும் சுகாமாடெக்ஸ் அண்மைக்காலம் வரை சிறு மருத்துவமனைகளுக்கு எட்டாத விலை. அவசரப் பிரிவிலும் அதே நொதிதான் வேறு வழியில் வருகிறது. ஆர்கனோ பாஸ்பேட் பூச்சிமருந்து இந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். வீட்டுச் சண்டைக்குப் பிறகு தோட்டத்து மருந்தைக் குடித்துக் கொண்டுவரப்படும் நாமக்கல் பெண்ணுக்கு, அவள் எந்தச் சாதியானாலும், ஸ்கோலின் கொடுத்தால் மணிக்கணக்கில் மூச்சு வராது.

நொதி இல்லை என்று தெரிந்த பெண்களுக்கு ஒரு தாளில் தமிழில் எழுதித் தருகிறேன். இவருக்கு ஸ்கோலின் கொடுக்கக் கூடாது. தெரியாமல் கொடுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், மூச்சு கொடுத்துக்கொண்டே இருங்கள், மூச்சு திரும்பும்வரை தூக்க மருந்தை நிறுத்தாதீர்கள், அவருக்குக் காது கேட்கும். கீழே மருந்துகளின் பெயர் ஆங்கிலத்தில், என் கையெழுத்து. அத்தையின் பீரோவில் வைக்காதே, உன் பர்ஸில் வை என்று சொல்லிக் கொடுப்பேன்.

போன வருடம் ராசிபுரத்துப் பெண் ஒருத்தி அதை இரண்டு முறை படித்தாள்.

"இதுல எங்க ஜாதி பேரு எங்கயும் எழுதலீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப சரிங்க" என்று நான்காக மடித்துக்கொண்டாள்.